படமில்லாத தாவரவியல்

அறிவைத் திருடுகிறவன் கொலைகாரனைவிடக் கொடியவன். உலகம் இதுவரை கண்டுகொள்ளாத இந்தப் பேருண்மையைக் கண்டறிந்தவர் பேராசிரியர் ராஜாங்கம். அவர் எழுதிய தாவரவியல் புத்தகம் அச்சகத்திலிருந்து மூட்டை மூட்டையாக வந்து, வீட்டில் அவர் படுக்க இடமில்லாமல் போன வாரம் அது.

கள்ளக்குறிச்சிப் பக்கத்துத் தனியார் கல்லூரியில் அவர் வகுப்புக்கு அவர் வைத்ததுதான் சட்டம். ஒவ்வொருவரும் அந்தப் புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்கி விரித்து வைக்க வேண்டும். முதல் பக்கத்தில் அவர் கையெழுத்துப் போடுவார். கையெழுத்து விழாத பிள்ளைக்கு இன்டர்னல் மார்க் விழாது.

கடைசி பெஞ்சில் பாரதி உட்கார்ந்திருந்தாள். கல்வராயன் மலையடிவாரத்திலிருந்து பஸ் பிடித்து வருகிறவள். அப்பா பெயர் பாவாடை; கூலிக்குக் கரும்பு வெட்டுகிறவர். "ஒரு பாடத்துல போனாலும் படிப்பு போதும், கத்திய எடுத்துக்கினு கரும்பு வெட்ட வந்துடு" என்று அவர் சொன்னது விளையாட்டுக்கு இல்லை.

அவள் முன்னால் இருந்தது பஸ் ஸ்டாண்டு ஜெராக்ஸ் கடையில் வாங்கிய நகல். "ராஜாங்கம் சார் புக்கு இல்ல பாப்பா. அதே பாடந்தான், வேற ஒருத்தரு எழுதின பழைய புக்கு கீது. அடிச்சித் தரட்டுமா?" என்று கடைக்காரர் கேட்டபோது, சார் புத்தகம் வாங்கக் காசில்லாததால் தலையாட்டிவிட்டாள். மேலே பழுப்பு அட்டை போட்டிருந்தாள்.

"பேசாம கும்புட்டு நில்லு. பாவம்னு வுட்டுருவாரு" என்று கிசுகிசுத்தாள் பக்கத்திலிருந்த அபிநயா. நிலபுலன் உள்ள வீட்டுப் பெண். அவள் புத்தகத்தில் கையெழுத்து முன்பே காய்ந்திருந்தது.

"சாமியே வுட்டாலும் அவர் வுட மாட்டாருடி."

செருப்புச் சத்தம் பக்கத்தில் வந்து நின்றது. செத்த எலியைத் தூக்குவதுபோல ராஜாங்கம் அந்த நகலை இரண்டு விரலால் தூக்கினார்.

"என் உழைப்பைத் திருடியிருக்கிறாய். எழுந்து படி. திருட்டுக் குரல் எப்படி இருக்கும் என்று வகுப்பு கேட்கட்டும். பிறகு முதல்வர் அறை."

பாரதி எழுந்து, நகலை அவரிடமிருந்து வாங்கி, இலைப் பாடத்தைப் படிக்கத் தொடங்கினாள். மற்றவர்கள் தங்கள் புத்தகத்தில் விரல் வைத்துத் தொடர்ந்தார்கள். வரிக்கு வரி ஒன்றாகவே ஓடியது. "இலையின் குறுக்குவெட்டைக் கீழேயுள்ள படத்தில் காண்க" என்ற இடத்தில் எல்லா விரலும் நின்றது. சார் புத்தகத்தில் அந்த வரி உண்டு, படம் கிடையாது.

"உனுக்குப் படம் கீதாடி?" என்று எட்டிப் பார்த்த அபிநயா, அங்கே படம் இருப்பதைக் கண்டு பழுப்பு அட்டையைப் பிரித்தாள். "இது சார் புக்கே இல்ல. வேற யாரோ பேரு. நாம பொறக்கறதுக்கு முன்னாடியே வந்திருக்குது."

பேராசிரியரின் இலக்கியத் தமிழ் முதலில் இறங்கியது, பிறகு குரல். "உக்காரும்மா. இன்டர்னல் ஃபுல்லா போட்டுடறேன். அட்டைய மட்டும் மூடு, இன்னா?"

உட்கார்ந்தால் போதும். பாரதி உட்காரவில்லை.

"முடியாதுங்க சார். நான் செஞ்சதும் திருட்டுதான். இத எழுதினவருக்கு நானும் ஒண்ணும் குடுக்கல. லைப்ரரில வாங்கி வைங்கன்னு கேட்டிருக்கணும், பயந்துக்கினு கேக்கல. பாடப்புக்க மிரட்டி விக்கறதும் தப்பு, பயந்து நகல் எடுக்கறதும் தப்பு. இல்லாதவங்க வாயத் தொறந்து கேக்கணும், காலேஜு வாங்கி வெக்கணும். வாங்க சார், பிரின்சிபால் ரூமுக்குப் போலாம்."

அவள் போய் முதல்வர் அறை வாசலில் நின்றாள். பின்னாலேயே வகுப்பும் வந்து நின்றது. ராஜாங்கம் வரவில்லை. ஆண்கள் கழிப்பறையில் தாழ் போட்டுக்கொண்டு, வயிறு சரியில்லை என்று உள்ளிருந்தே சொல்லி அனுப்பினார்.

அங்கே அன்றைக்குத் தண்ணீர் வரவில்லை.