சலவைக்கூடத்துக் கணக்கியல்

ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகளை வெளுத்துக் கொடுக்கும் அந்தச் சலவைக்கூடத்தில் அவளை எல்லோரும் அண்ணி என்றே கூப்பிட்டார்கள். பக்கத்து மேசையில் இஸ்திரி போடும் அவளுடைய நாத்தனார் அப்படிக் கூப்பிடப் போய், அதுவே நிலைத்துவிட்டது. இருவரும் மாலைக் கல்லூரியில் சேர்ந்திருந்தார்கள். முதல் பருவத்துக்கு இரண்டு தாள்கள்: வணிகக் கணக்கியல், மேலாண்மைக் கணக்கியல்.

சாப்பாட்டு நேரத்தில் அவர்கள் புத்தகம் விரிப்பதை மேற்பார்வையாளர் பார்த்துவிட்டார்.

"இது சலவைக்கூடமா, பள்ளிக்கூடமா? நாளையிலேருந்து புத்தகம் உள்ளே வரக்கூடாது."

மறுநாள் புத்தகம் வரவில்லை. ஆனால் வாயை யார் பூட்டுவது? இயந்திர இரைச்சலுக்கு மேலே அண்ணி குரலை உயர்த்தினாள்.

"சோப்புத் தூள்?"

"மாறும் செலவு!" என்று நாத்தனார் கத்தினாள். "துணி கூடினா தூளும் கூடும்."

"கட்டட வாடகை?"

"நிலைச் செலவு! வெளுத்தாலும் வெளுக்காட்டியும் குடுத்தாகணும்."

துணி மடிக்கும் பெண்களும் ஒவ்வொருவராகச் சேர்ந்துகொண்டார்கள். ஒருநாள் விரிப்பு ஏற்ற வந்த வண்டி ஓட்டுநர் சும்மா இராமல், "அப்போ நம்ம மேற்பார்வை சார் சம்பளம்?" என்று கேட்டுவைத்தார்.

"அதுவும் நிலைச் செலவுதான்," என்றாள் நாத்தனார். "இங்க வேலை நடந்தாலும் நடக்காட்டியும் அது அசையாது."

கூடமே சிரித்தது. மேற்பார்வையாளர் கதவருகே நின்றிருந்ததை யாரும் கவனிக்கவில்லை.

பரீட்சை சனிக்கிழமை, காலையில் ஒரு தாள், மாலையில் ஒரு தாள். வழக்கமாக இருவருக்கும் அன்று விடுமுறை. அந்த வாரப் பட்டியலில் மட்டும் சனிக்கிழமை முழுநாள் வேலை விழுந்திருந்தது.

நாத்தனார் முகம் சுண்டிப் போயிற்று. "காலப் புடிச்சுக் கேட்டுப் பாக்கலாமா அண்ணி?"

"நமக்கே ரெண்டு காலு இருக்கு. நட."

அறைக்குள் அவர் தலை நிமிராமலே, "லீவு கிடையாது," என்றார்.

"லீவு கேக்க வரல சார். சனிக்கிழமை வர மாட்டோம்னு சொல்ல வந்தோம். சம்பளத்தப் புடிச்சுக்குங்க."

"இந்த வயசுல பாஸ் பண்ணி என்னத்தக் கிழிக்கப் போறீங்க?"

"பாஸ் பண்ணிட்டு வந்து சொல்றேன்."

வெளியே வந்த அண்ணி முகத்து வியர்வையை முந்தானையில் துடைத்துக்கொண்டு மேசைக்குப் போனாள்.

அண்ணிக்கு முதல் தாள் நன்றாகவே போயிற்று. இரண்டாவதில் உற்பத்தி வரவுசெலவுத் திட்டக் கேள்வி காலை வாரிவிட்டது. ஆரம்பச் சரக்கைக் கழிப்பதற்குப் பதில் கூட்டிவிட்டாள். அடித்துத் திரும்ப எழுதுவதற்குள் மணி அடித்துவிட்டது.

திங்கட்கிழமை மேற்பார்வையாளர் அண்ணியை அழுக்குத் துணி பிரிக்கும் பக்கத்துக்கு மாற்றினார். வேலையை விட்டு எடுக்க முடியவில்லை. ஆள் போதாமல் விரிப்புகள் மலையாகக் குவிந்து கிடந்தன. கெஞ்சுவாள் என்று அடிக்கடி எட்டிப் பார்த்தார். மூக்கில் துணி கட்டிக்கொண்டு அவள் பிரித்துப் போட்டுக்கொண்டே இருந்தாள்.

முடிவு வந்தபோது நாத்தனார் இரண்டிலும் தேறியிருந்தாள். அண்ணிக்கு மேலாண்மைக் கணக்கியல் கைவிட்டுப் போயிருந்தது. சந்தோஷப்படுவதா வேண்டாமா என்று தெரியாமல் நாத்தனார் விழித்தாள்.

"எழவு வீட்டுக்கு வந்தவ மாதிரி ஏன்டி நிக்கிற? ஜெயிச்சிருக்க, சிரி," என்றாள் அண்ணி. பிறகு குழாயடிக்குப் போய் வெகுநேரம் முகம் கழுவினாள்.

இரவுச் சாப்பாட்டின்போது கணவன் சமாதானம் சொன்னான். "உனக்கு ஒண்ணு, தங்கச்சிக்கு ரெண்டு. வீட்டுக்கு இது போதாதா? விட்டுடு."

"பாதி வெந்தத எறக்கி வச்சா சாப்பிடுவீங்களா?"

அவன் தட்டைப் பார்த்தான். "மறுபடி எழுத ஃபீஸ் வேற கட்டணுமே?"

"வர்ற வழியிலேயே கட்டிட்டேன்," என்றாள் அவள்.