செவ்வாய்க்கிழமை டப்பா

தன் ஒரே மகளின் சாப்பாட்டு டப்பாவில் ‘சிறுநீர்’ என்று ஸ்டிக்கர் ஒட்டிப் பள்ளிக்கு அனுப்பிவைத்தார் அவர். வேண்டுமென்று செய்யவில்லை. வேண்டுமென்று செய்திருந்தால் இவ்வளவு நேர்த்தியாக வந்திருக்காது.

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊசி குத்துகிற வேலை. பதினெட்டு வருஷத்தில் ஒருவர் ரத்தத்தின் மேல் இன்னொருவர் பெயர் விழுந்ததில்லை. அந்தக் கெட்டிக்காரத்தனமெல்லாம் வீட்டு வாசலில் செருப்போடு கழன்றுவிடும். மனைவிக்கு ஒரு வருஷம் வேறு ஊரில் வேலை. மாதத்தில் இரண்டு முறை வந்துபோவாள். அவள் கிளம்பியதிலிருந்து, ஞாயிற்றுக்கிழமையே வாரம் முழுவதற்கும் சமைத்து ஃப்ரீஸரில் அடுக்குகிறார். கூடத்தில் தப்பாக அச்சாகிக் குப்பைக்குப் போகிற ஸ்டிக்கர்களை டப்பாக்களில் ஒட்டி, அச்சானதைப் பேனாவால் அடித்துவிட்டு, மேலே கிழமையை எழுதுவார். இந்த ஞாயிறு கிழமையை எழுதினார். அடிப்பதற்குள் கண் சொருகிவிட்டது. ஆக, மேலே ‘செவ்வாய்’. கீழே கொட்டை எழுத்தில் ‘சிறுநீர். காலை முதல் மாதிரி.’ உள்ளே பூசணிக்காய் சூப். தண்ணீர் கொஞ்சம் தாராளமாகப் போயிருந்ததால் நிறமும் அவரைக் காப்பாற்றவில்லை.

செவ்வாயும் வியாழனும் அவருக்கு விடிகாலை வேலை. வெறும் வயிற்றுக்காரர்கள் ஆறரைக்கே வரிசையில் நிற்பார்கள். ஆறு மணிக்கு மகளைப் பள்ளி வாசலில் காவலாளியிடம் விட்டுவிட்டு ஓடுவார். மணி அடிப்பது எட்டரைக்கு. நடுவில் உள்ள இரண்டரை மணி நேரத்தைப் பற்றி அவர் நினைப்பதே இல்லை. அதாவது, ஊசி குத்துகிற அந்த ஒரு நொடியில் மட்டும் நினைப்பதில்லை.

இதையெல்லாம் பார்த்துத்தான் அவருடைய அக்கா சொல்லியிருந்தாள்: “வார நாள் பூரா புள்ள எங்க வீட்டுலயே இருக்கட்டும்டா. இங்கேருந்தும் ஸ்கூல் வேன் போகுது. சனி ஞாயிறு நீ கூட்டிட்டுப் போ. நான் ஒண்ணும் கட்டாயப்படுத்தல.” கட்டாயப்படுத்தாமலே கட்டில் வாங்கிப் போட்டுவிட்டாள். இன்று சாயங்காலத்துக்குள் பதில் வேண்டுமாம்.

மனைவியைக் கேட்டார். “பக்கத்துல இருக்கிறவர் நீங்க. உங்களுக்குத்தானே தெரியும்?” என்றாள். பத்து வயது மகளை, வீட்டில் ‘வாலு’ என்று கூப்பிடப்படுகிறவளை, மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் “உன் இஷ்டம்ப்பா” என்று சொல்லிவிட்டு நகம் கடித்தாள். அவருக்கு இஷ்டம் என்று ஒன்று இருந்தால் அது தூக்கம் மட்டும்தான்.

மதியம், ஒரு பெரியவரின் கையில் ஒளிந்து விளையாடிய நரம்பை ஒருவழியாகப் பிடித்தபோது பள்ளியிலிருந்து ஃபோன்.

“சார், உங்க பொண்ணோட டப்பா விஷயமா...” டீச்சர் இழுத்தார். “கொஞ்சம் நேர்ல வர முடியுமா?”

எந்த டப்பா என்று கேட்கும்போதே ஞாயிற்றுக்கிழமை முழுசாகக் கண்முன் வந்துவிட்டது.

“போகலாமா மேடம்?” என்று சூப்பர்வைசரைக் கேட்டார்.

“போங்கன்னும் சொல்லல, போகாதீங்கன்னும் சொல்லல,” என்றார் அந்த அம்மாள்.

அவர் போய்விட்டார்.

டீச்சரின் மேஜைமேல் டப்பா காலியாக இருந்தது.

“நீங்களே கொட்டிட்டீங்களா? ரொம்ப நல்லது. அது வெறும் பூசணிக்காய் சூப்தான் டீச்சர், சத்தியமா!”

“கொட்டல சார். அவளே குடிச்சிட்டா.”

“குடிச்சிட்டாளா?”

“கிளாஸே சிரிச்சுது. ஒருத்தன் மேஜைமேலயே ஏறிட்டான். இவ எழுந்து நின்னு, எல்லாரையும் ஒரு சுத்து பார்த்துட்டு, மடமடன்னு ஒரே மூச்சுல குடிச்சா. எனக்குக் கை கால் ஓடல. ஒரு டாக்டர்கிட்ட காட்டலாமான்னு...”

“டாக்டரெல்லாம் வேணாம் டீச்சர். அவ தெனமும் என் சமையலைத்தான் சாப்பிடறா. இதெல்லாம் அவளுக்குத் தூசு.”

டீச்சருக்குச் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியவில்லை.

பஸ்ஸில் ஜன்னலோரம் வாலு. மடியில் பை, கையில் காலி டப்பா. ஸ்டிக்கரின் ஒரு மூலையை நகத்தால் சுரண்டிக்கொண்டே வந்தாள். கூடத்து ஸ்டிக்கர், லேசில் வராது.

“சூப் நல்லா இருந்துச்சா?” என்று கேட்டார்.

அவள் யோசித்தாள். “கேவலமா இருந்துச்சுப்பா.”

“அப்புறம் ஏன் குடிச்ச?”

“குடிக்கலன்னா அது நெஜம்னு நெனச்சுப்பாங்கல்ல. வருஷம் பூரா சொல்லிக்காட்டுவானுங்க.”

சட்டைப்பையில் ஃபோன் அதிர்ந்தது. அக்கா. அடிக்கட்டும் என்று விட்டார்.

“வாலு, இந்தத் தடவை ‘உன் இஷ்டம்’னு சொல்லக் கூடாது. அத்தை வீட்டுல போய் இருக்கியா?”

“நான் போறேன்னா நீ அழுவியா?”

“சேச்சே.”

“பொய்.”

“கொஞ்சமா.”

“போகலன்னா?”

“அப்பவும் கொஞ்சம். சமைக்கணுமே.”

அவள் சிரிக்கவில்லை. ஸ்டிக்கரை விட்டுவிட்டு நேராக அவரைப் பார்த்தாள்.

“திங்களும் புதனும் ராத்திரி மட்டும் அத்தை வீட்டுக்குப் போறேன். அங்கேருந்து வேன்ல ஸ்கூலுக்குப் போயிடுவேன். அந்த கேட்டுகிட்ட எனக்கு பயமா இருக்குப்பா. வாட்ச்மேன் தாத்தா தூங்கிடறாரு. மத்த நாளெல்லாம் நம்ம வீட்டுலதான் இருப்பேன், அத்தை எத்தனை கட்டில் வாங்கினாலும்.”