ஒரே கல்லில் இரண்டு பெயர்

வேகவைத்த கோதுமையில் சர்க்கரை சேர்த்துப் பிசைந்த கிண்ணத்தை லியூபின்கா நீட்டியபோது, டெசாங்கா தன் கல்லறையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கல்லறை என்றால் புருஷனுடையதுதான். ஜிவோயினை அப்போதுதான் உள்ளே இறக்கி, ஆளுக்கொரு பிடி மண் போட்டிருந்தார்கள். ஆனால் தலைமாட்டில் நின்ற கருங்கல்லில் அவன் பெயருக்குப் பக்கத்திலேயே அவள் பெயரும் இருந்தது. பிறந்த வருஷம், ஒரு கோடு, அதற்கப்புறம் வெறும் இடம். மேலே பீங்கானில் சுட்ட அவள் படம்.

உயிரோடு இருக்கும்போதே ஜோடியாகக் கல் நட்டுவிடுவது அந்த ஊரில் சகஜம். சகஜமில்லாதது அதற்கப்புறம் நடந்தது. பேரனைப் பார்த்துக்கொள்ள ஒரு குளிர்காலத்துக்கு மட்டும் என்று நோவி சாத் நகரத்தில் இருந்த மகள் வீட்டுக்குப் போன டெசாங்கா, திரும்பி வரவே இல்லை. ஜிவோயின் வாயைத் திறந்து பேசமாட்டான். அவளால் பேசாமல் இருக்க முடியாது. கல்லிலிருந்து தன் பெயரை எடுத்துவிடச் சொல்லி ஆள்மேல் ஆள் விட்டாள். அதற்கும் அவன் வாயைத் திறக்கவில்லை. ஊர் பார்த்துச் சிரிக்கும்படி அந்தக் கல்லில் கிடக்க அவளுக்கு மனமில்லை. இன்றைக்கு அழிக்காமல் போவதில்லை என்றுதான் பஸ் ஏறியிருந்தாள்.

"அண்ணி, ஒரு ஸ்பூன் வாயில போடுங்க. அண்ணன் ஆத்மாவுக்கு," என்றாள் லியூபின்கா, ஜிவோயினின் தங்கை. "கோவத்தை அப்புறமா வெச்சுக்கலாம்."

"எனக்கென்ன கோவம்? உங்கண்ணன்கிட்ட கோவிச்சுக்கறதும் இந்தக் கல்லுகிட்ட கோவிச்சுக்கறதும் ஒண்ணுதான்."

"கல்லுல நல்லாத்தான் இருக்கீங்க. நேர்லதான் இளைச்சுட்டீங்க."

டெசாங்காவுக்குச் சிரிப்பு முட்டியது. அது சந்தையில் எடுத்த படம். நல்ல மழை. ஜிவோயினின் ஒரு ஷூ சேற்றில் மாட்டிக்கொண்டது. ஒற்றைக் காலில் நொண்டி வந்து அவள் தோளைப் பிடித்தான். வயிறு வலிக்கச் சிரித்தாள். அவனும் சிரித்தான், வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் சிரித்தான். படத்தில் அவனை வெட்டிவிட்டு அவளை மட்டும் கல்லில் பதித்திருந்தார்கள். அவன் விரல்கள் மட்டும் இன்னும் அவள் தோளில் இருந்தன.

கல் செதுக்கும் ரத்கோ மீசையில் ஒட்டியிருந்த பிளம் சாராயத்தைத் துடைத்தபடி வந்தான்.

"அக்கா, நாளைக்கு வேலைக்கு வியன்னா கிளம்பறேன். அண்ணன் இறந்த வருஷத்தை இப்பவே கல்லுல வெட்டிடறேன். உங்க பேரையும் எடுக்கணும்னு சொல்லி விட்டிருந்தீங்களே?"

"எடுத்துடு."

எங்கே அழிக்க வேண்டும் என்று காட்டக் குனிந்தவள் அப்படியே நின்றாள். ஜிவோயினின் பாதியில் பாசி ஏறி, பறவை எச்சம் காய்ந்து, எழுத்தே சரியாகத் தெரியவில்லை. அவள் பாதியில் முகம் பார்க்கலாம் போலிருந்தது. எழுத்துக்கெல்லாம் புதிதாகப் பொன்வண்ணம் பூசியிருந்தது.

"இதை யாரு தொடைச்சது, லியூபின்கா?"

"வேற யாரு? ஞாயித்துக்கிழமையானா வாளியைத் தூக்கிட்டு வந்துடுவாரு. உன் பக்கத்தையும் ஒரு தடவ தொடைச்சா என்னண்ணேன்னு நான்கூடக் கேட்டேன். 'எனக்கென்ன, அவளுக்குத்தான் அழுக்கு ஆகாது'ன்னாரு. அதோட சரி."

டெசாங்கா தன் பெயரின் எழுத்துகளை விரலால் தடவினாள். இதை ஃபோனில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அடுத்த பஸ்ஸில் வந்திருப்பாளே, பாவி மனுஷன். வாளி தூக்கத் தெரிந்தவனுக்கு வாய் திறக்கத் தெரியாமல் போயிற்றே என்று மனசு அடித்துக்கொண்டது. கோதுமையை வாங்கி வாயில் போட்டாள். மெல்ல வெகுநேரம் ஆயிற்று.

ரத்கோ கல் வெட்டும் மிஷினைக் கையில் எடுத்தான். "எதை மொதல்ல வெட்டட்டும்க்கா?"

"அவரு வருஷத்தை வெட்டு."

"அப்புறம்?"

"அப்புறம் நீ வியன்னாவுக்குப் போ."

லியூபின்கா கிண்ணத்தோடு அடுத்தவரிடம் போய்விட்டாள்.

மிஷின் கீச்சென்று கல்லில் இறங்கியது. வெள்ளைத் தூசி குபுகுபுவென்று கிளம்பி இரண்டு பெயர்கள் மேலும் படர்ந்தது.

"தள்ளி நில்லுங்கக்கா, கண்ணுல விழும்."

அவள் தள்ளி நிற்கவில்லை. தலையில் கட்டியிருந்த கறுப்புத் துணியை அவிழ்த்தாள். ரத்கோ வெட்டி முடிக்கிறவரை, சந்தையில் சிரித்துக்கொண்டிருந்தவள் மேல் தூசி விழாமல், அதை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.