தெருவெல்லாம் வேப்பங்குழை

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு ஒரு பேருந்து ஜன்னலில் கிடைத்தது. கோவில்பட்டியிலிருந்து கழுகுமலை போகிற வழியில் ஒரு கிராமத்து நிறுத்தத்தில் வண்டி நின்றது. எதிரே ஒரு தெரு. ஒரு வீடு பாக்கியில்லாமல் வாசலில் வேப்பங்குழை சொருகியிருந்தது. "தெருவே அம்மை கண்டு கிடக்கு" என்று கண்டக்டர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பின்சீட்டில் ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு மட்டும்தான் நிஜம். மீதி எல்லாம் என் புளுகு.

2

தொடக்கத்தைப் பலமுறை எழுதிப் பார்த்தேன்.

"கரிசல் வெடிப்புகளில் வெயில் இறங்கி…" வேண்டாம். இந்தப் பக்கம் எழுதுகிறவர்கள் எல்லாரும் வெயிலில்தான் தொடங்குகிறார்கள். வெயிலுக்கே சலித்திருக்கும்.

"டெங்கு என்பது ஏடிஸ் வகைப் பெண் கொசுவால் பரவும்…" இது சுகாதார நிலையச் சுவரில் ஏற்கெனவே எழுதியிருக்கிறது. அங்கேயும் யாரும் படிப்பதில்லை.

"பொன்மணியின் டிரம்மைக் கவிழ்த்தார்கள்." இது பரவாயில்லை. இதிலேயே போவோம்.

(வாசலில் யாரோ கூப்பிடுகிறார்கள். கொசுப்புழு இருக்கிறதா என்று பார்க்க வந்திருக்கிறார்களாம். "எழுதிக்கிட்டு இருக்கேன், பொறவு வாங்க" என்று அனுப்பிவிட்டேன். கொசுவைப் பற்றித்தான் எழுதுகிறேன் என்பதை மட்டும் சொல்லவில்லை.)

3

பொன்மணியின் டிரம்மைக் கவிழ்த்தார்கள். அந்த ஊருக்குக் குழாய்த் தண்ணீர் பத்துப் பன்னிரண்டு நாளைக்கு ஒருமுறை வரும். மழை மாதம்தான், ஆனால் மழை மேகத்தைக் காட்டுவதோடு சரி. புருஷன் சண்முகராஜ் லாரியில் நாக்பூர் பக்கம் போயிருந்தான். பொன்மணியும் ஏழாம் வகுப்பு படிக்கிற மகள் முத்துச்செல்வியும் குடம் குடமாகச் சுமந்து நிரப்பிய தண்ணீர் அது. கவிழ்த்தபோது வாசலில் ஒரு குட்டையாகக்கூடத் தேங்கவில்லை. மொத்தத்தையும் தரை வெடிப்பு குடித்துவிட்டது. 

கவிழ்த்தவர் ரூபஸ், சுகாதார ஆய்வாளர். முதல் பிரதியில் இவரை லஞ்சம் வாங்குகிறவராக எழுதினேன். ரொம்பச் சுலபமாக வந்தது. இரண்டாவதில் தியாகியாக்கினேன், அது அதைவிட மோசம். இப்போது அவர் வெறும் ரூபஸ். ஊரே துணி தைக்கிற புதியம்புத்தூர்க்காரர், ஆகையால் சட்டைத் தையலில் குற்றம் சொல்ல முடியாது. கையில் எந்நேரமும் டார்ச். தண்ணீருக்குள் வெளிச்சம் அடித்துப் புழு நெளிவதைக் கண்டுவிட்டால் முகத்தில் ஒரு பூரிப்பு வரும்.

"இது சாக்கடைக் கொசு இல்ல பாத்துக்கோங்க. நல்ல தண்ணியிலதான் வளரும்" என்றார்.

"எங்க தண்ணி நல்ல தண்ணின்னு இவியளே சொல்லுதாவ. பொறவு எதுக்குக் கொட்டுதாவ?" என்று கேட்டாள் பக்கத்து வீட்டு வேலுத்தாய்.

"வாரத்துக்கு ஒருக்கா டிரம்மத் தேய்ச்சுக் கழுவணும்மா. கழுவிட்டு மூடி வைக்கணும்."

"கழுவத் தண்ணி?"

இதற்குச் சுற்றறிக்கையில் பதில் இல்லை. ரூபஸ் அடுத்த வீட்டுக்குப் போனார்.

4

மேலத்தெருவில் ஒரு வீட்டில் நிஜமாகவே அம்மை போட்டிருந்தது. வாசலில் வேப்பங்குழையைக் கண்டதும் ரூபஸின் ஆட்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு கடந்து போனதைப் பொன்மணி பார்த்தாள். அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை அந்த வீட்டுக்குள் வெளியாள் கால் வைக்கக் கூடாது. அதிகாரியும் வெளியாள்தான். அடுத்த முறை தண்ணீர் வந்து டிரம் நிறைந்த அன்றே அவள் ஒரு கொத்து ஒடித்து நிலையில் சொருகினாள்.

"ஏட்டி, யாருக்கு?" சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வேலுத்தாய்.

"மவளுக்குத்தான் மைனி."

சொல்லும்போதே பொன்மணிக்கு நாக்கு குழறியது. பள்ளிக்கூடம் போக வேண்டாம் என்றதில் முத்துச்செல்விக்குக் கொள்ளை மகிழ்ச்சி.

மறுநாள் வேலுத்தாய் வீட்டிலும் குழை. அந்த வாரத்துக்குள் தெரு முழுக்கக் குழை. இதில் எனக்கே விளங்காத சங்கதி ஒன்று உண்டு. தன் வீட்டு அம்மை பொய் என்று ஒவ்வொருத்திக்கும் தெரியும். ஆனால் அடுத்த வீட்டு அம்மை நிஜம் என்று எல்லாரும் நம்பினார்கள்.* பொன்மணியே மகளிடம், "வேலுத்தாய் அத்த வீட்டுப் பக்கம் போவாத, ஒட்டிக்கிடும்" என்று கண்டித்து வைத்தாள்.

(* நம்ப மறுக்கும் வாசகர்கள் தங்கள் அலுவலகத்தை ஒருமுறை நினைத்துக்கொள்ளவும்.)

5

ரூபஸ் கண்டதை அப்படியே மேலே எழுதினார்: தெரு முழுவதும் அம்மை. மேலே பதறிப்போனார்கள். தெருமுனையில் சாமியானா போட்டு மருத்துவ முகாம் நடத்தினார்கள். உணர்வு புண்படும் என்று முகாமிலிருந்து யாரும் தெருவுக்குள் போகவில்லை. அம்மை வீட்டார் வெளியே வரக் கூடாது என்று தெருவிலிருந்தும் யாரும் முகாமுக்கு வரவில்லை. முகாம் நடத்த வந்தவர்கள் தங்களுக்குள்ளேயே நிலவேம்புக் கசாயம் கொடுத்து, குடித்து, படம் எடுத்துக்கொண்டார்கள். குடித்த பேப்பர் கப்புகள் வேலியோரம் கிடந்தன. சாயங்காலம் ஒரு தூறல் போட்டது. கப்புகளில் நல்ல தண்ணீர் நின்றது.

6

இனி வருவதை எழுதக் கை கூசுகிறது. சிரிப்பாகத் தொடங்கிவிட்டு இப்படி ஒரு பிள்ளையைப் படுக்கப் போடுவது நியாயமா என்று தெரியவில்லை. ஆனால் மூடாத டிரம்மை நான்தான் அந்த வீட்டில் வைத்தேன். கதையில் வைத்த கொசு கடிக்காமல் போகாது.

முத்துச்செல்விக்குக் காய்ச்சல் கண்டது. கண்ணுக்குப் பின்னால் குத்துகிறது என்றாள், கஞ்சி வயிற்றில் நிற்கவில்லை. முழங்கையில் சிவப்புச் சிவப்பாகப் புள்ளி.  ஆத்தா பேரில் பொய் சொன்னோமே, அதுவும் பெற்ற பிள்ளை பேரில் சொன்னோமே என்று பொன்மணி நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

"அம்ம முத்து நல்லா எறங்கட்டும். ஆசுபத்திரி, மாத்திரன்னு அலையாத. ஆத்தா கோவிப்பா" என்றாள் வேலுத்தாய், சுவரைத் தாண்டாமல்.

பொன்மணி தெருமுனையில் நின்ற ஆட்டோக்காரன் தங்கப்பாண்டியிடம் ஓடினாள். அவன் வண்டியைச் சற்றுப் பின்னால் உருட்டிக்கொண்டான். "தப்பா எடுக்காதிய அக்கா. ஆத்தா இருக்க வீட்டுச் சவாரி நா ஏத்த மாட்டேன். எனக்கும் பிள்ள இருக்கு."

இன்னும் பிரிக்காத சாமியானாவுக்குள் ரூபஸ் நின்றார்.

"சார், உள்ள வந்து பிள்ளயப் பாருங்க."

"அம்ம வீட்டுக்குள்ள வரக் கூடாதும்மா. கூட்டத்துல கண்டிசனாச் சொல்லியிருக்காவ."

இங்கேதான் நான் பேனாவைக் கீழே வைத்தேன். உண்மையைச் சொன்னால் அவள் குட்டு மட்டும் உடையாது. தெரு மொத்தத்துக் குட்டும் உடையும், அத்தனை வீட்டுத் தண்ணீரும் வெடிப்புக்குள் போகும். சொல்லாவிட்டால் பிள்ளை. இவளுக்கு வேறு வழி எதுவும் வைக்காமல் எழுதிய என்மேல் எனக்கே எரிச்சலாக வந்தது.

பொன்மணி எனக்காகக் காத்திருக்கவில்லை. திரும்பிப் போய் நிலையில் இருந்த குழையைப் பிய்த்து, ரூபஸ் காலடியில் கொண்டுவந்து போட்டாள்.

"அம்மையும் இல்ல ஒண்ணும் இல்ல சார். நீங்க தண்ணியக் கொட்டிப்பிடுவியன்னு கட்டுனேன். பொய்யி."

 ரூபஸ் மெதுவாகத் தலையைத் தூக்கி ஒவ்வொரு வாசலாகப் பார்த்துக்கொண்டே வந்தார். வாசலில் நின்ற பெண்கள் ஒவ்வொருத்தியாக உள்ளே போனார்கள். வேலுத்தாய் கடைசியாகப் போனாள். போகும்போது பொன்மணியைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தமிழ் போதாது.

ரூபஸ் வீட்டுக்குள் நுழைந்தார். முதலில் டிரம்முக்குத்தான் போனார். டார்ச் அடித்தார். முகத்தில் அந்தப் பூரிப்பு.

"சார், பிள்ள இங்கன கிடக்கா" என்றாள் பொன்மணி.

அவருக்குச் சுருக்கென்றிருந்திருக்க வேண்டும். டார்ச்சை டிரம்மின் மேலேயே போட்டுவிட்டு முத்துச்செல்வியைத் தூக்கித் தோளில் சாத்திக்கொண்டார். அவள் அந்த நல்ல சட்டையில் வாந்தி எடுத்தாள். அவர் அப்படியே தங்கப்பாண்டியின் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தார். (அங்கதக் கதையில் அதிகாரி இப்படி நடந்துகொள்வது சரிவராது என்று இந்த வரிகளை அடித்தேன். மறுபடி எழுதினேன். இருக்கட்டும்.)

7

முடிவுகள் கைவசம் இருக்கின்றன.

அரசாங்க முடிவு: பிள்ளைக்கு வந்தது மர்மக் காய்ச்சல். தெரு முழுக்க அம்மை ஒரே நாளில் இறங்கியது கசாயத்தின் மகிமை. முகாமுக்குப் பாராட்டு.

தெருவின் முடிவு: எல்லா டிரம்மையும் கவிழ்த்தார்கள். அடுத்த தண்ணீர் எப்போது என்று யாருக்கும் தெரியாது. பொன்மணி வீட்டோடு ஒருவரும் பேச்சு வைத்துக்கொள்ளக் கூடாது.

இன்னொரு முடிவும் எழுதினேன். அதில் ஒரு பிள்ளையின் பள்ளிக்கூடப் பை ஆணியில் தொங்கும்… கிழித்துவிட்டேன். அதை எழுதுகிற தைரியம் எனக்கு வேண்டாம்.

8

கோவில்பட்டி ஆஸ்பத்திரி வார்டு. முத்துச்செல்விக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது. வேறு கதையாக இருந்தால் இதோடு சுபம். இந்தக் காய்ச்சல் இறங்கும்போதுதான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று சொல்லி டாக்டரம்மா குளுக்கோஸை நிறுத்தவில்லை. அவள் பிழைத்துக்கொள்வாள் என்றே வைத்துக்கொள்வோம். அதற்கு மேல் அந்தப் பிள்ளையை எதுவும் செய்ய எனக்கு மனம் இல்லை.

சாயங்காலம் வேலுத்தாய் வந்தாள். பேச்சு வைத்துக்கொள்ளக் கூடாது என்று முதலில் சொன்னவளே அவள்தான். கையில் ஒரு பிளாஸ்டிக் கேன்.

"பிள்ளைக்குக் கஞ்சி காய்ச்ச இங்கன உப்புத் தண்ணிதான் வருதுன்னாவ. இது நம்மூர்த் தண்ணி."

"எல்லாத்தையும் கொட்டிட்டாவளே மைனி?"

"மாட்டுக் கொட்டிலுக்குள்ள ஒரு டிரம்ம மறைச்சு வச்சிருந்தேன். ஆருட்டயும் சொல்லிராத. ஒனக்காவத்தான் கொண்டாந்தேன்."

சுவரைத் தாண்டாதவள் பேருந்து ஏறி வந்திருக்கிறாள்.  பொன்மணி கேனை வாங்கினாள். மூடியைத் திறந்தாள். வார்டு வாசலில், மாற்றுச் சட்டையில், டார்ச்சும் கையுமாக ரூபஸ் வந்துகொண்டிருந்தார்.

கேனுக்குள் புழு நெளிந்ததா, அதை அவள் ரூபஸிடம் சொன்னாளா, மூடிவிட்டாளா என்பதை நான் எழுதப்போவதில்லை. இவ்வளவு தூரம் சிரித்துக்கொண்டே கூட வந்தீர்கள் அல்லவா?

என் வாசலில் கொசுப்புழு பார்க்கிறவர்கள் மறுபடியும் கூப்பிடுகிறார்கள். நான் எழுந்து போய்க் கதவைத் திறக்க வேண்டும். ரூபஸிடமிருந்து வாங்கித் தருகிறேன், இந்தாருங்கள் டார்ச். நீங்களே குனிந்து பாருங்கள். வேலுத்தாய் உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.