பீப்பாயில் இல்லாத கிராம்பு

ஷெர்ரி ஒயின் இருந்த பீப்பாயில் பன்னிரண்டு வருஷம் கிடந்த சிங்கிள் மால்ட் விஸ்கி அது. புட்டியில் அடைக்கலாமா, இன்னும் கொஞ்ச காலம் கிடக்கட்டுமா என்று அன்றைக்கு முடிவு செய்தாக வேண்டும். ஆலையின் சுவைக்கூடத்தில் மூன்று பேர் கூடினார்கள். தலைமைச் சுவைஞரை ஆலை முழுக்கப் பெரிய மூக்கர் என்றுதான் சொல்வார்கள். வாசனை விஷயத்தில் அவர் வைத்ததுதான் சட்டம். அடுத்தவர் ஆய்வகத்துக் கெமிஸ்ட் அம்மா. மூன்றாமவர் இன்னொரு சுவைஞரான நம் மீசைக்காரர்.

புதுப் புட்டிக்கான விளம்பரத்துக்குப் படம் எடுக்க ஆள் வருவதாகக் கேள்விப்பட்டு, மீசைக்காரரின் மனைவி காலையிலேயே களத்தில் இறங்கியிருந்தாள்.

"வாடிப்போன கீரை மாதிரி தொங்குதுங்க. இப்படியேவா போய் நிப்பீங்க?" என்று புதிதாக வாங்கிய மீசை மெழுகைத் தடவி, இரண்டு பக்கமும் முறுக்கிவிட்டாள். மீசை எருமைக் கொம்பாக நிமிர்ந்தது. சுவைக்கூடத்துக்குள் செண்ட், வாசனை சோப்பு எதுவும் கூடாது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனால் மெழுகைப் போய் யார் செண்ட் என்று நினைப்பார்கள்?

ஜன்னல் இல்லாத சின்ன அறை. அன்று ஊற்றும் முறை மீசைக்காரருடையது. ஒவ்வொரு கிளாஸாக ஊற்றி, நிறம் பார்க்க, விளிம்பில் மீசை இடிக்கக் குனிந்து, பிறகு நீட்டினார்.

பெரிய மூக்கர் கிளாஸைச் சுழற்றி முகர்ந்தார். கண் சொருகிவிட்டது.

"அடடா! கிராம்புய்யா! பின்னாடியே ஆரஞ்சுத் தோல்!"

"ஆமா சார், தூக்கலா இருக்கு" என்றார் கெமிஸ்ட் அம்மா.

மீசைக்காரர் முகர்ந்தார். இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு மறுபடி முகர்ந்தார். ஒரு வாய் உருட்டித் துப்பினார். "எனக்குக் கிராம்பு வரலையே சார். அத்திப்பழம், வாதுமை, கடைசியில லேசா மரக்கசப்பு. இதுக்கு மேல விட்டா கசப்பு ஏறிடும். இப்பவே அடைச்சிடலாம்."

"மூக்கடைச்சிருந்தா வீட்ல படுக்க வேண்டியதுதானே?" என்றார் பெரிய மூக்கர். "இன்னும் ரெண்டு வருஷம் கிடக்கட்டும். கிராம்பு இன்னும் விரியும்."

புட்டியில் அடைப்பது தள்ளிப்போனதால் படம் எடுக்க வந்த ஆளும் திரும்பிப் போனார். மீசைக்காரருக்குச் சோறு இறங்கவில்லை. மூக்கு போனால் பிழைப்பே போச்சே! சாயங்காலம் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மனைவி கிட்டே வந்து முகர்ந்து பார்த்தாள்.

"நாள் முழுக்க மணக்கும்னு கடைக்காரர் சொன்னது சரிதான். காலையில தடவினது, இன்னும் கிராம்பு வாசம் போகலை பாருங்க!"

அவர் முகத்தில் ஈயாடவில்லை. ஓடிப்போய் டப்பியைப் பார்த்தார். கிராம்பு எண்ணெய், ஆரஞ்சு எண்ணெய் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. காலையிலிருந்து மூக்கின் கீழேயே குடியிருந்ததால் அவர் மூக்குக்கு மட்டும் அது பழகிப் போயிருந்தது.

மறுநாள் மீசையைத் தேய் தேய் என்று தேய்த்துக் கழுவிக்கொண்டு போய் உண்மையைச் சொல்லிவிட்டார். கெமிஸ்ட் அம்மா சிரித்த சிரிப்பில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியதாயிற்று.

"அப்ப நேத்து முழுக்க உன் மீசையையாய்யா புகழ்ந்துக்கிட்டிருந்தேன்?" என்று பெரிய மூக்கர் எகிறினார். வாய் ஓய்ந்ததும், புதுக் கிளாஸ்களில் கெமிஸ்ட் அம்மாவை ஊற்றச் சொன்னார். மீசைக்காரரை அறையின் கோடியில் நிறுத்தினார்.

முகர்ந்தார். சுவைத்தார். மறுபடி முகர்ந்தார்.

"அத்திப்பழம்" என்றார் ஒருவழியாக. "வாதுமையும் இருக்கு. அந்தக் கசப்பு... சரி, சரி, அடைக்கச் சொல்லுங்க. இப்பவே."

அன்று மாலை மீசைக்காரர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டில் எல்லாவற்றையும் சொன்னார். மனைவி கன்னத்தில் கை வைத்துக் கேட்டாள்.

"அத்திப்பழமும் வாதுமையும்தான் தெரியுதுன்னா, கடையில அதையே வாங்கித் தின்னுட்டுப் போகலாமே? இதுக்கா பன்னிரண்டு வருஷம்?"