சபூறாவின் வீடு

காய்ச்சல் விட்டபோது சபூறாவின் கால்கள் இரண்டும் சூம்பிப் போயிருந்தன. இனி எழும்பி நடக்கமாட்டாள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அந்தக் கிழமையே அவளுடைய வாப்பா காலிதீன் வளவின் தெற்குப் பக்கத்தில் முளையடித்துக் கயிறு கட்டினார். மகளுக்குச் சீதன வீடு.

சபூறாவின் உம்மா றாஹிலாவுக்குப் பகீரென்றது. சாய்ந்தமருதில் பெண் பிள்ளை பெற்றவர்கள் எல்லாரும் வீடு கட்டத்தான் செய்வார்கள். ஆனால் இந்தப் பிள்ளைக்கு ஆர் வரப்போகிறான்? புருஷனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்றே அவள் நினைத்தாள். கேட்டும்விட்டாள்.

"சோடி சோடியாப் படைச்சதா அல்லாஹ் செல்லியிருக்கான்," என்றார் காலிதீன். "சோடியக் கொண்டு வாறது அவன்ட வேலை. வீட்டக் கட்டுறது எண்ட வேலை."

கரைவலை இழுத்துவிட்டு வந்து, மீன் நாற்றம் போகாத கையாலேயே மண் குழைப்பார். கூலிக்கு ஆள் பிடிக்க வசதியில்லை. தவழ்ந்து போகிறவளுக்கு இடறக்கூடாதென்று வாசலில் நிலைப்படி வைக்கவில்லை. குசினியில் அடுப்பைத் தரையோடு தரையாகப் போட்டார். பள்ளிவாசலுக்குப் போகிறவர்கள் நின்று பார்த்துச் சிரித்தார்கள். றாஹிலா ஒரு கூடை மண்கூடத் தூக்கிக் கொடுக்கவில்லை.

கிடுகு வேய்ந்து முடித்தும் வருஷங்கள் போயின. சபூறாவைக் கேட்டு ஒருவரும் வரவில்லை. சம்பந்தம் வந்தது இளையவள் ஸைனம்புவுக்குத்தான். கல்முனைக் கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருந்த ஜவுபர், நல்ல பொடியன். அவனுடைய ஆட்கள் கேட்டது அந்த வீட்டை. சும்மாதானே கிடக்கிறது என்றார்கள். காலிதீன் மாட்டேன் என்றார். வேறொன்று கட்டித் தருகிறேன், பொறுங்கள் என்றார். அவர்கள் பொறுக்கவில்லை.

அன்றைக்கு றாஹிலா புருஷனின் காலைப் பிடித்து அழுதாள். நடக்கிற பிள்ளையையாவது கரை சேர்க்கவேண்டாமா என்று கேட்டாள். மூலையிலிருந்த சபூறாவும் சொன்னாள்.

"தங்கச்சிக்கே குடுங்க வாப்பா. எனக்கு ஆரும் வரமாட்டாங்க."

"அது உண்ட வீடு மகள்," என்றார் அவர்.

சம்பந்தம் முறிந்தபிறகு ஸைனம்பு வாப்பாவோடு கதைப்பதை விட்டுவிட்டாள். அவர் குடிக்கும் தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைப்பாள், முகத்தைப் பார்க்கமாட்டாள். காலிதீன் வடக்குப் பக்கத்தில் அவளுக்கென்று அத்திவாரம் வெட்டத் தொடங்கினார். அதற்குள் அவருக்கு நெஞ்சில் இழுப்பு வந்திருந்தது. நாலு வெட்டு வெட்டுவார், மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

ஐம்பத்தேழாம் ஆண்டு மாரி பேய் மழையாகக் கொட்டியது. வெட்டின அத்திவாரம் குளமாகிக் கரை சரிந்தது. முழங்கால் தண்ணீரில் நின்று சட்டியால் அள்ளி ஊற்றினார் காலிதீன். அள்ள அள்ள மறுபடி ஊறியது. றாஹிலா பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு மகளுடைய வீட்டுக்கு மாப்பிள்ளை வரப்போவதில்லை. மற்றவளுக்கு வந்தவனும் போய்விட்டான். அல்லாஹ்விடம் துஆக் கேட்கக்கூட அவளுக்கு வாய் எழும்பவில்லை.

காலிதீன் இருமி இருமிக் குந்தியபோது அவர் கையிலிருந்த சட்டியை வாங்கினாள்.

"நீங்க ஏறுங்க," என்றாள்.

சேலையை வரிந்து கட்டிக்கொண்டு குழிக்குள் இறங்கினாள். அவளுக்கு நம்பிக்கை ஒன்றும் வந்துவிடவில்லை. தண்ணீர் மட்டும் குளிர்ந்தது. குனிந்து அள்ளத் தொடங்கினாள். மழை விடுகிற மாதிரித் தெரியவில்லை.