சகித்துக்கொள்ளப்பட்டவள்

பிரகதீஸ்வரி மேடத்துக்கு வெட்கம் என்பதே கிடையாது. காலையில் மாடி ஏறி வந்து வீட்டைக் காலி பண்ணச் சொன்னவர், மத்தியானம் கல்லூரி விழாவில் நான் சகிப்புத்தன்மையைப் பற்றிப் பேச வேண்டும் என்கிறார். நான் பாடம் நடத்தும் தமிழ்த் துறைக்குத் தலைவரும் அவர்தான், புதுக்கோட்டையில் எனக்கு மாடியை வாடகைக்கு விட்டவரும் அவர்தான்.

"மீன் வாடையச் சகிச்சேன், ஃபர்ஹானா. மொட்டை மாடியில புர்கா காயப்போட்டதையும் சகிச்சேன். இப்ப ஒங்க அம்மாவும் வந்து ஒக்காந்துட்டாங்க. தெருவுல நாலு பேரு கேக்குறாங்கள்ல?"

அடேயப்பா, என்ன தயாள குணம்! உம்மா ஆசைப்பட்டா வந்தார்? வாப்பாவின் படகை நடுக்கடலில் பிடித்து, அவரை இலங்கைச் சிறையில் அடைத்து நான்கு மாதம் ஆகிறது. ஜெகதாப்பட்டினத்து வாடகை வீட்டைக் கட்டுப்படியாகாமல் விட்டுவிட்டுத்தான் உம்மா என்னிடம் வந்தார். வாப்பா விடுதலையாகி வரும்போது வந்து இறங்க ஒரு வீடு வேண்டும். எனக்கிருந்த கவலை அது ஒன்றுதான். மேடம் வந்தபோது உம்மா கடைக்குப் போயிருந்தார்; அவரிடம் நான் எதுவும் சொல்லவில்லை.

வேறு வீடு தேடாமலா இருந்தேன்? மேடம் முகம் சுளிக்க ஆரம்பித்த போன மாதமே ஆறு வீட்டுப் படி ஏறினேன். "பேரு என்னம்மா?" என்பார்கள். சொன்னதும், நேற்றே வேறு ஆளுக்குப் பேசிவிட்டோம் என்பார்கள்.

மேடை ஏறும்போது மேடம் என் காதருகே வந்தார். "நல்லபடியாப் பேசிட்டு வாங்க. காலி பண்றதப் பத்தி அப்பறம் யோசிப்போம்."

அந்த ஒரு வார்த்தைக்காக கோபத்தை விழுங்கிக்கொண்டு இனிக்க இனிக்கப் பேசியிருக்கலாம். முடியவில்லை. மைக்கைப் பிடித்தேன்.

"சகித்தல் என்பது வடமொழி வழியாக வந்த சொல். தாங்குதல் என்று பொருள். பழந்தமிழில் பொறை என்றார்கள், சுமைக்கும் அதுதான் பெயர். ஆங்கிலத்தில் டாலரன்ஸ், அதுவும் லத்தீனில் தாங்குவதுதான். எந்த மொழியிலும் தாங்குகிறவருக்குத்தான் மாலை. சுமை என்று பெயர் வாங்கினவளை யாராவது கேட்டீர்களா? நான் யார் தலையிலும் ஏறி உட்காரவில்லை. வாடகை கொடுத்துக் குடியிருக்கிறேன். என்னை யாரும் சகிக்க வேண்டாம். எனக்கும் என் உம்மாவுக்கும் வாடகைக்கு வீடு தருகிறவர்கள் மட்டும் கை தூக்குங்கள்."

முன்வரிசை முழுக்க ஊர்ப் பெரிய மனிதர்கள், எல்லோரும் சொந்த வீட்டுக்காரர்கள். எனக்கு முன்னால் அரைமணி நேரம் ஒற்றுமை பேசியவர், போர்த்திய சால்வையை மடிக்க ஆரம்பித்தார். ஒரு கையும் எழவில்லை. எனக்குக் காறித் துப்ப வேண்டும் போலிருந்தது.

நன்றியுரைக்கு மேடம் சிரித்துக்கொண்டே எழுந்தார். "தங்கச்சி கொஞ்சம் சூடாப் பேசிட்டாங்க. அதையும் சகிச்சுக்கிறதுதான் நம்ம பண்பாடு." கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. என்னைத் தாண்டிப் போகையில் சிரிப்பு மாறாமலே, "ஒண்ணாந்தேதி சாவியக் குடுத்துருங்க" என்றார்.

அரங்கத்துக்கு வெளியே வந்தபோது போன் அடித்தது. உம்மா அழுதுகொண்டே சிரித்தார்.

"வாப்பாவ விட்டுட்டாங்கம்மா! இப்பத்தான் பேசுனாரு. எங்கிட்டு வரணும்னு கேட்டாரு. நம்ம வீடு இருக்கு, நேரா இங்கிட்டே வாங்கன்னு அட்ரஸ் சொல்லிட்டேன். சரிதான?"